கதை சொல்லாத இரண்டு சனிக்கிழமைகள்

மருதமலை முருகன் மேல் சத்தியம். என் பேத்திகள் ரெண்டு பேர் மேலும் சத்தியம். இதோ, இந்த பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன்: நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தை பொய் இருந்தால் இந்த வண்டி நடுரோட்டில் நின்றுபோகட்டும். சத்தமாகத்தான் சொல்கிறேன், கண்டக்டர் காதிலும் விழட்டும். என்ன, நின்றுவிட்டதா? அது ஸ்டாப் தம்பி. ஸ்டாப்பில் நிற்பதெல்லாம் கணக்கில் வராது.

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினீர்களே, அதற்கே உங்களுக்குப் புண்ணியம். சூலூர் போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. இந்தப் பையா? மடியிலேயே இருக்கட்டும். கனம்தான். உள்ளே என்ன என்று கடைசியில் சொல்கிறேன். என் பெயர் மட்டும் கேட்காதீர்கள். பெயர் வெளியே வந்தால் என் சோற்றில் மண்.

பம்பு கம்பெனி. எந்தக் கம்பெனி என்பதும் வேண்டாம். கோயமுத்தூரில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு பம்பு கம்பெனி கூரையில்தான் விழும். அதில் முப்பத்தாறு வருஷம் வைண்டிங். மோட்டாருக்குள்ளே செம்புக் கம்பி சுற்றுகிற வேலை. நான் சுற்றின மோட்டார் எரிந்துபோச்சு என்று இதுவரை ஒரு பயல் வந்து நின்றதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஆனி மாதம் பிடித்தது சனி. புதுசாக ஒரு எச்.ஆர். மேடம் வந்தார், பெனிட்டா என்று. முப்பது வயசிருக்கும். நல்ல பிள்ளை. அதுதான் சிக்கலே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். நல்லவர்களை என்ன செய்வது? கேண்டீனில் எல்லாரையும் கூட்டி மைக்கைப் பிடித்தார்.

"இனிமே மாசத்துல ரெண்டு சனிக்கிழமை சமூகத் தொண்டு. கட்டாயம் கிடையாது. விருப்பப்பட்டவங்க வரலாம். வராதவங்க பேரை மட்டும் நோட்டீஸ் போர்டுல போடுவோம்."

அப்புறம் ஒன்று சொன்னார். எல்லா வயசுக்காரர்களும் கலந்து வேலை செய்ய வேண்டுமாம். ஒரு அணிக்கு மூன்று பேர். ஒருவர் முப்பதுக்குக் கீழே, ஒருவர் நடுவயசு, ஒருவர் ஐம்பது தாண்டினவர். எங்கள் ஆலையில் ஐம்பது தாண்டினவர்கள் மொத்தமே ஒன்பது பேர். அணியோ இருபத்தொன்று. எங்களுக்கு வந்த கிராக்கியைக் கேட்கணுமே. இருபத்தைந்து வயசில் எனக்குப் பெண் கொடுக்க யோசித்த ஊர் இது. அறுபது வயசில் மூன்று அணிக்காரர்கள் வந்து வீட்டு வாசலில் பழத்தட்டோடு நின்றார்கள். பேக்கிங் செக்‌ஷன் ஆள் ஒருவன், வயசு நாற்பத்தாறு, தலைக்கு மை அடிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் கூனிக்கொண்டு வந்து ஐம்பத்திரண்டு என்று பெயர் கொடுத்தான். அவனையும் எடுத்துக்கொண்டார்கள்.

சரி, வயசைக் கலக்கினார்கள், போகட்டும். அடுத்த சட்டம்தான் என் வயிற்றெரிச்சல். யாரும் அவரவர் தொழிலைத் தொண்டாகச் செய்யக்கூடாது. "தினமும் செய்யற வேலையையே அங்கயும் செஞ்சா அது தொண்டு இல்லை, ஓவர்டைம்" என்று தலைமை ஆபீசில் எழுதி அனுப்பியிருக்கிறார்களாம்.

பலன் என்ன தெரியுமா? சூலூர் பக்கம் ஒரு அரசு நடுநிலைப்பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே பெயிண்ட் ஷாப் ஆட்கள் மரக்கன்று நட்டார்கள். பெயிண்ட் அடிக்கத் தெரியாத டிசைன் என்ஜினீயர்கள் சுவரில் யானை வரைந்தார்கள். பெருச்சாளிக்குத் தும்பிக்கை வைத்த மாதிரி இருந்தது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை ஒன்று அதைப் பார்த்து அழுதது. கேண்டீன் மாஸ்டர் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தார். மவுசைப் பரோட்டா மாவு தேய்க்கிற மாதிரி தேய்த்தார். பெயிண்ட் ஷாப் ஆறுமுகம் கையில் கன்றோடு நின்று அந்த யானையையே பார்த்துக்கொண்டிருந்தான் தம்பி. தாங்க முடியாமல் ஒரு தடவை பிரஷ்ஷை வாங்கிக் காதை மட்டும் சரி செய்தான். அவனுக்குத் தொண்டுக் கணக்கில் அன்றைய நாலு மணி நேரம் வெட்டு.

எனக்கு என்ன வேலை என்று போய் நின்றேன். ஐம்பது தாண்டினவர்கள் ஏணி ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, கரண்ட் பக்கம் போகவே கூடாது.

"அப்புறம் நான் என்னத்தத்தான் மேடம் பண்றது?"

"நீங்க பிள்ளைங்களுக்குக் கதை சொல்லுங்க நஞ்சப்பண்ணா. கம்பெனியில உங்க கை வேலை செய்யற நேரத்தை விட வாய் வேலை செய்யற நேரம்தானே ஜாஸ்தி."

எல்லாரும் சிரித்தார்கள். வைண்டிங்காரனைக் கூப்பிட்டுக் கதை சொல் என்கிறார்கள். பூசாரியைக் கூப்பிட்டுச் செருப்புக்குக் காவல் இரு என்கிற மாதிரி.

மாட்டேன் என்று எழுந்து வந்திருப்பேன். வரமுடியவில்லை. மார்ச்சில் எனக்கு ரிட்டயர்மெண்ட். நாற்பது மணி நேரம் தொண்டு முடித்தவர்களுக்கு இன்னும் ஒரு வருஷம் வேலை நீட்டிப்பில் முன்னுரிமை என்று சொல்லிவிட்டார்கள். அது எனக்கு வேண்டும். சம்பளத்துக்காக இல்லை. வீட்டில் என் சம்சாரம் பழனாத்தாளுக்குச் சொல்ல ஒரு கதைகூட என்னிடம் பாக்கி கிடையாது. நான் முதல் வரியை ஆரம்பித்தால் அவள் அடுப்படியில் இருந்து கடைசி வரியைச் சொல்லுகிறாள். அந்த வீட்டில் பகல் முழுக்க எப்படி உட்கார்ந்திருப்பது? எனக்கு என் வைண்டிங் மேஜை வேண்டும். சுற்றிலும் பத்துப் பேர் உட்கார்ந்து வேலை செய்ய, நடுவில் நான். அவ்வளவுதான். கதை கிதை எல்லாம் எனக்குப் பெரிசில்லை.

என் அணியில் நடுவயசு சாந்தாமணி. அசெம்ப்ளி லைனில் இருக்கிறவள். வாயைத் திறந்தால் பட்டாசுக்கடை. சின்ன வயசு தௌஃபீக். டிசைன் பையன், பொய் பேசத் தெரியாது. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் இதுதான் குறை. எங்கள் தொண்டு மணி நேரத்தைப் போனில் கம்பெனி ஆப்பில் ஏற்றுகிற வேலை அவனுக்கு. கதை முடிந்ததும் பிள்ளைகளில் ஒருத்தர் இன்றைக்கு என்ன நடந்தது என்று சீட்டில் எழுதித் தரணும். அந்தச் சீட்டைப் படம் பிடித்து ஏற்றினால்தான் நாலு மணி நேரம் வரவாகும்.

நானும் போய் உட்கார்ந்தேன், சொன்னேன். எது சொன்னேன் என்றால் வாளிக் கதை. உங்களுக்கும் சொல்கிறேன், இது நிஜமாக நடந்தது. பல்லடத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் சுற்றின மோட்டாரைக் கிணற்றில் போட்டுச் சுவிட்சைத் தட்டினார்கள். தண்ணீர் வந்தது. அப்புறம் தவளை வந்தது. அப்புறம் அந்த வீட்டில் மூணு தலைமுறையாகக் கிணற்றில் தவறவிட்ட வாளி பன்னிரண்டும் வரிசையாகக் குழாய் வழியே வந்து விழுந்தன. கடைசியாக, அவர்கள் பாட்டன் குளிக்கும்போது விழுந்த வெள்ளி அரைஞாண். சோப்பு நுரைகூடப் போகவில்லை.

அந்த வகுப்பில் சஷ்டிகா என்று ஒரு பெண். ஏழாம் வகுப்பு. முன் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு போலீஸ் மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

"தாத்தா, போன தடவை ஏழு வாளின்னீங்க."

"தண்ணி வத்த வத்த இன்னும் அஞ்சு தெரிஞ்சுது கண்ணு."

"குழாய் எவ்வளவு அகலம், வாளி எவ்வளவு அகலம்?"

"மோட்டார் இழுத்த இழுப்புல வாளி சுருங்கிருச்சு."

நாலு மாசம் இப்படியே போனது. எட்டு சனிக்கிழமை, முப்பத்திரண்டு மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே கன்று நட வந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். இதெல்லாம் எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று யாருக்குத் தெரியும்.

எட்டாவது சனிக்கிழமை அந்தப் பெண் கேட்டாள்: "நீங்க அவ்வளவு பெரிய ஆள்னா எங்க மோட்டாரைச் சுத்துங்க பார்க்கலாம்."

"எந்த மோட்டார்?"

"பாத்ரூம் பின்னாடி. பதினோரு மாசமா ஓடலை."

போய்ப் பார்த்தேன். எங்கள் கம்பெனி மோட்டார். ஒரு குதிரை சக்தி. தொட்டியில் இருந்து மேல் டேங்குக்குத் தண்ணீர் ஏற்றுவது. எரிந்துபோய் வெள்ளைக் கோழி எச்சத்தோடு கிடந்தது. அந்தப் பள்ளியில் பெரிய பெண்கள் காலையில் இருந்து தண்ணீரே குடிப்பதில்லையாம். குடித்தால் போக வேண்டுமே. பாதிப் பேர் மத்தியானத்தோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சாந்தாமணிக்கு வந்ததே கோபம்.

"நல்லா யானை வரைஞ்சோம் போங்க. பொட்டப்பிள்ளைங்க ஒதுங்கற இடத்துல ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. அந்த யானையைக் கூட்டிட்டு வந்து பீச்சச் சொல்லலாமா?"

திங்கட்கிழமை பெனிட்டா மேடத்திடம் போனேன். "நம்ம மோட்டார்தான் மேடம். ரெண்டு சனிக்கிழமை விட்டீங்கன்னா புதுசாக்கிருவேன்."

"அண்ணா, அது உங்க தொழில். தொண்டுல வராது. அதுவும் கரண்ட். உங்க வயசுக்கு அனுமதி இல்லை. நான் சர்வீஸுக்கு மெயில் போடறேன்."

சர்வீஸில் இருந்து பதில் வந்தது. பள்ளித் தலைமையாசிரியை லூர்துமேரி டீச்சர் ஏற்கெனவே ரெண்டு தடவை புகார் எழுதினாராம். ரெண்டு தடவையும் பதில் சொல்லியாச்சாம். பள்ளியில் வோல்டேஜ் குறைவு, பயன்படுத்தியவர் தவறு, மாற்றித்தர இயலாது. முடிந்தது கதை.

சரி, சொல்லிக்கொண்டு செய்தால்தானே சட்டம். ஒன்பதாவது சனிக்கிழமை சாந்தாமணி முந்தானையைச் செருகிக்கொண்டு மோட்டாரைக் கழற்றி, ஒற்றை ஆளாக வகுப்புக்குள் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள். தௌஃபீக் கையைப் பிசைந்தான். "அங்கிள், இதை ஆப்ல எந்தப் பிரிவுல போடறது?" "கதைன்னு போடு. பிள்ளைங்க எதிர்ல வச்சுத்தானே பண்ணப்போறேன், வாய் பாட்டுக்குச் சொல்லும், கை பாட்டுக்குச் சுத்தும். முப்பத்தாறு வருஷமா அப்படித்தான்."

பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். வாளிக் கதையை ஆரம்பித்துக்கொண்டே மோட்டாரைத் திறந்தேன்.

தம்பி, உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். உள்ளே ஒரு இரும்பு வளையம். அதில் இருபத்துநாலு பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் முதலில் ஒரு காகிதம் வைத்து, அதன் மேல்தான் கம்பியைப் படுக்க வைக்க வேண்டும். கம்பி இரும்பைத் தொடக்கூடாது. எல்லாம் முடிந்ததும் கம்பிகளை நூலால் கட்டி முடிச்சுப் போடுவோம். அந்த முடிச்சு வலது கைக்காரன் போட்டால் ஒரு பக்கம் சாயும். இடது கைக்காரன் போட்டால் மறு பக்கம்.

நான் எந்தக் கையால் பையைப் பிடித்திருக்கிறேன், பாருங்கள்.

எங்கள் செக்‌ஷனில் முப்பத்தாறு வருஷத்தில் இன்னொரு இடது கைக்காரன் கிடையாது. கரிந்துபோய்க் கிடந்தாலும் முடிச்சு தெரிகிறது. கீழே ஒரு பள்ளத்தில் காகிதம் ஒரு ஓரம் மடிந்து உள்ளே போயிருக்கிறது. டெஸ்டில் தெரியாது. ரெண்டு வருஷம் ஓடும். அப்புறம் அந்த இடத்தில்தான் எரியும். வோல்டேஜுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தகட்டைத் துடைத்துத் தேதி பார்த்தேன். ஆயுத பூஜைக்கு முதல் நாள். மேஜைக்கெல்லாம் சந்தனம் வைத்து, பொரி தின்றுகொண்டு, பத்துப் பேரும் என்னைச் சுற்றி இருந்தார்கள். அன்றைக்குத்தான் முதல் முதலாக வாளிக் கதையைக் கட்டினேன். அப்போது மூன்றே வாளிதான்.

இன்னொரு இடது கைக்காரன் யாராவது வந்து என் மேஜையில் உட்கார்ந்திருப்பானோ என்றுகூட யோசித்தேன். அதையும் யோசித்தேன் தம்பி, மறைக்கவில்லை.

"தாத்தா, தவளை வந்துச்சு. அப்புறம்?" என்றாள் சஷ்டிகா.



பழைய கம்பியை வெட்டி எடுத்தேன். பள்ளம் பள்ளமாகச் சுரண்டினேன். இருபத்துநாலு காகிதத்தையும் வெட்டி, ஒவ்வொன்றையும் வைத்து, விரலை விட்டு ஓரம் பார்த்து, மறுபடி பார்த்து, சுற்ற ஆரம்பித்தேன். நாலு மணி நேரம். வாயே திறக்கவில்லை. பிள்ளைகள் முதலில் நெளிந்தார்கள். அப்புறம் அவர்களும் சத்தம் போடவில்லை. நாற்பது பிள்ளைகள் ஒரு கிழவன் விரலைப் பார்த்துக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். சாந்தாமணி மட்டும் ஒரு தடவை அந்த முடிச்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பட்டாசுக்கடை அன்றைக்குப் பூட்டிக்கிடந்தது.

வார்னிஷ் ஊற்றி, சாந்தாமணி வீட்டில் குண்டு பல்புக்குக் கீழே ரெண்டு வாரம் காய வைத்தோம். அவள் மாமியார் கோழி முட்டை அடை வைத்திருக்கிறது என்று நினைத்து, தினமும் போய் எட்டிப் பார்த்தாராம். பத்தாவது சனிக்கிழமை மாட்டினோம். அன்றைக்கும் நான் பேசவில்லை. சுவிட்சைத் தட்டினேன். டேங்கில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. வாளி ஒன்றும் வரவில்லை. தண்ணீர் மட்டும்தான். சஷ்டிகா போய்க் குழாயைத் திறந்து, கையேந்தி, மூச்சு முட்டக் குடித்தாள்.

குடித்துவிட்டு வந்து சீட்டில் என்ன எழுதினாள் தெரியுமா? "இன்றும் தாத்தா கதை சொல்லவில்லை. போன தடவையும் சொல்லவில்லை. உடம்பு சரியில்லை போல."

"இதை ஏத்தாதே தம்பி" என்று தௌஃபீக்கிடம் கெஞ்சினேன். "பொய்யா வேற எழுத முடியாது அங்கிள்" என்று ஏற்றிவிட்டான். எட்டு மணி நேரம் வெட்டு. அந்த வருஷத்துச் சனிக்கிழமைகளும் அதோடு முடிந்ததால் நாற்பது முப்பத்திரண்டிலேயே நின்றுபோனது. அஞ்சு மாசமாக எல்லாரும் வெட்டியாக நின்றதற்கு மணி நேரம் உண்டு. பெருச்சாளி வரைந்ததற்கு உண்டு. நான் வேலை செய்த ரெண்டே நாளுக்கு இல்லை.

பிப்ரவரியில் பாராட்டு விழா. கேண்டீனில் மேடை போட்டு, எம்.டி. நடுவில் உட்கார்ந்திருக்கிறார். லூர்துமேரி டீச்சரையும் கூப்பிட்டிருந்தார்கள். டீச்சர் மைக் முன்னால் வந்து, "தண்ணி வந்திருச்சு, யார் புண்ணியமோ, நல்லா இருக்கணும்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "முன்னாடி நாங்க ஆத்திரத்துல ரெண்டு லெட்டர் எழுதிட்டோம். தப்பு எங்க மேலதான்னு அப்புறம் தெரிஞ்சுது. நாங்கதான் சரியா வச்சுக்கலை. கம்பெனி மன்னிக்கணும்" என்று கையைக் கூப்பினார்.

கூப்பின கையைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் உட்கார முடியும்? அணிக்கு ஒருத்தர் பேசணும், என் முறை வந்தது. மைக்கைப் பிடித்தேன். முதல் தடவையாக, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். மோட்டாரைச் சரிசெய்தது நான். அதைக் கெடுத்ததும் நான்தான். முடிச்சு, மடிந்த காகிதம், ஆயுத பூஜை, எல்லாம் சொன்னேன். கம்பெனி டீச்சரிடம் மன்னிப்புக் கேட்கணும் என்று சொன்னேன்.

சிரித்தார்கள் தம்பி. காகிதம் மடிந்தது என்றதும் பத்துப் பேர் சிரித்தார்கள். முடிச்சு என்றதும் கேண்டீனே சிரித்தது. "வாளி எத்தனைண்ணா வந்துச்சு?" என்று பின்னால் இருந்து ஒருத்தன் கத்தினான். எம்.டி. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லூர்துமேரி டீச்சரும் சிரித்தார். "பெரியவர் எங்களுக்குச் சங்கடமா இருக்கக்கூடாதுன்னு எப்படியெல்லாம் சொல்றார் பாருங்க" என்றார். சாந்தாமணி ஒருத்திதான் சிரிக்கவில்லை. எழுந்து "நெசந்தாங்க" என்றாள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அணியே சேர்ந்து நாடகம் போடுகிறது என்று கைதட்டினார்கள்.

அந்தப் பேச்சுக்குப் பெனிட்டா மேடம் எட்டு மணி நேரம் போட்டுக் கொடுத்தார். கதை சொன்ன கணக்கில். நாற்பது முடிந்தது.

நீட்டிப்பும் வந்தது. வைண்டிங்கில் இல்லை. "இந்த மனுஷனை மேஜையில உட்கார வச்சு வீணாக்கிட்டோமே" என்றாராம் எம்.டி. கம்பெனியைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டி, கதை சொல்லுகிற வேலை. கழுத்தில் பட்டை, வெள்ளைச் சட்டை. என் மேஜையில் இப்போது வலது கைக்காரன் ஒருத்தன் உட்கார்ந்து, பேசாமல் சுற்றுகிறான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் அவனைக் காட்டி, "முப்பத்தாறு வருஷத்துல இங்க சுத்தின ஒரு மோட்டார்கூட எரிஞ்சதில்லை" என்று சொல்லணும். எழுதியே கொடுத்திருக்கிறார்கள்.

சூலூர் பிரிவு வந்துவிட்டதா? இதோ, பையைப் பாருங்கள். கையை விட்டுத் தொட்டுப் பாருங்கள், ஒட்டாது. அந்தக் கரிந்த கம்பிதான். முடிச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? பார்த்தீர்களா? மூணு சனிக்கிழமையாக இதைத் தூக்கிக்கொண்டு போகிறேன், டீச்சர் மேஜையில் வைத்துவிடலாம் என்று. உள்ளே நுழைந்ததும் "கதைத் தாத்தா வந்தாச்சு" என்று பிள்ளைகள் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். என்ன செய்வது, உட்கார்ந்து சொல்கிறேன். பையைத் திறப்பதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிடுகிறது. வாளி இப்போது பதினாறு.

இன்றைக்குக் கட்டாயம் வைத்துவிடுவேன். வைத்தால் நீட்டிப்பு போய்விடும், அது வேறு விஷயம். பார்ப்போம்.

இறங்குகிறேன் தம்பி. நான் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்றால் யாரிடம் வேண்டுமானாலும் தாராளமாகச் சொல்லுங்கள். நம்பிவிட்டீர்கள் என்றால் மட்டும் யார் சொன்னது என்று ஒருத்தரிடமும் மூச்சு விடாதீர்கள். நல்லவேளை, என் பெயரை நான் சொல்லவே இல்லை.